ஒரு பலகை அரிசியும் இருபது இலக்கமும்

சென்ற இதழில் ஒரு வாசகர், "சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நாலு என்று 64 கட்டமும் இரட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் எத்தனை?" என்று கேட்டிருந்தார். நானும் 18446744073709551615 என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு, அடுத்த கேள்விக்கு (மிக்ஸி ஜாரில் வரும் பூண்டு வாடை பற்றியது) நகர்ந்துவிட்டேன். அப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அந்த ஒரே எண். பூண்டுக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: முதலில் இதை வாயால் எப்படிச் சொல்வது? என் பேரன் 'பதினெட்டு குவின்டில்லியன்' என்கிறான். தமிழில் சொல்ல வழியே இல்லையா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருச்சி

பேரன் சொல்வது சரிதான். ஆனால் நமக்குக் கோடி ஒன்றே போதும். வலது பக்கத்திலிருந்து ஏழு ஏழு இலக்கமாக வெட்டுங்கள்: 184467 | 4407370 | 9551615. இனி படித்துவிடலாம். ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நாலு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கோடிக்கு மேலே உள்ள பேர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: இரட்டிப்பதற்கு நேர் எதிராகப் பாதி பாதியாக நறுக்கிக்கொண்டு போவதில் நம் ஆட்கள் கில்லாடிகள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பதினாறில் ஒன்று வரை ஒரே ஓட்டம், அப்புறம் 320-இல் ஒன்றுக்கு முந்திரி, அந்த முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி. சந்தையில் யாருக்கு அவ்வளவு சின்னக் கணக்கு தேவைப்பட்டதோ!

கேள்வி: அரிசிக் கதை நிஜமா? ராஜா உண்மையிலேயே கொடுத்தாரா? அவ்வளவு அரிசி எவ்வளவு எடை இருக்கும்?
– விவசாயி, நீடாமங்கலம்

கதைதான். ஆனால் ரொம்பப் பழைய கதை, ஊருக்கு ஊர் வேறு வேறு உடுப்பில் வரும். அரபு, பாரசீகப் பக்கம் சொல்வது, சிஸ்ஸா என்ற இந்திய அறிஞர் சதுரங்கத்தைக் கண்டுபிடித்து ராஜாவிடம் கொண்டுபோக, அவர் மகிழ்ந்து என்ன வேண்டும் கேள் என்றதும் இந்தத் தானியக் கணக்கைக் கேட்டார் என்று. 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் இதை எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முன்னால், சுமார் 1000ஆவது ஆண்டில், அல்பிரூனி என்ற அறிஞர் இந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார், கால்குலேட்டர் இல்லாத காலத்தில்.

கேரளத்தில் இதே கதை அம்பலப்புழைக்குப் போகும்போது கேட்கிறவர் கிருஷ்ணனாகிவிடுகிறார். முனிவர் வேடத்தில் வந்து ராஜாவைச் சதுரங்கத்தில் ஜெயித்து, அரிசி கேட்டு, கடனை அடைக்க முடியாமல் ராஜா விழிக்க, "ஒரேயடியாக வேண்டாம், தினமும் பால் பாயசமாகக் கொடு" என்று தவணை போட்டுக்கொண்டாராம். இன்றைக்கும் அந்தக் கோயில் பாயசம் பிரசித்தம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பூவனூரில் சுவாமிக்குப் பேரே சதுரங்க வல்லபநாதர், ஆனால் அங்கே கதையில் இளவரசியை ஆட்டத்தில் ஜெயித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாரே தவிர, அரிசி வருவதில்லை.

எடைக்கு வருவோம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு எவர்சில்வர் தட்டில் பொன்னி அரிசியைக் கொட்டி, விரலால் ஒதுக்கி ஒதுக்கி 500 எண்ணினேன். இருநூற்றுச் சொச்சத்தில் போன் வந்து கணக்கு விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து. சமையலறைத் தராசில் வைத்தால் 8 கிராம் காட்டியது. ஆக ஒரு கிலோவுக்கு 62,500 அரிசி. இதை வைத்துப் பலகையில் போனால், முதல் வரிசை எட்டுக் கட்டத்துக்கும் சேர்த்து 255 அரிசி, நாலே கிராம். ராஜா சிரித்திருப்பார். இரண்டாவது வரிசை முடியும்போது ஒரு கிலோவும் கொஞ்சமும். அப்போதும் சிரிப்புதான். மூன்றாவது வரிசை முடிந்தால் 268 கிலோ, அதாவது பத்து சிப்பத்துக்கு மேல். பாதிப் பலகை முடிகிற இடத்தில் 68 டன்னைத் தாண்டுகிறது, ஏழு லாரி லோடு என்று வையுங்கள், ஒரு ராஜாவுக்கு அதுவும் பெரிசில்லை. இதற்கப்புறம்தான் வினை. நாற்பதாவது கட்டத்தில் மட்டும் 8,700 டன்னுக்கு மேல். ஐம்பத்தாறாவது கட்டத்தில் மட்டும் சுமார் 57 கோடி டன், இது இன்று உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் விளைகிற அரிசியைவிட அதிகம். இன்னும் எட்டுக் கட்டம் பாக்கி இருக்கிறது! மொத்தம் சுமார் 29,500 கோடி டன். இன்றைய உலக விளைச்சலை அப்படியே ஐந்நூறு வருஷத்துக்கு மேல் மூட்டை கட்டி வைத்தால் சரியாக இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அதில் இருப்பது, அதற்கு முந்தைய எல்லாக் கட்டங்களும் சேர்ந்ததைவிடச் சரியாக ஒரே ஒரு அரிசி கூடுதல். 1, 2, 4 சேர்ந்தால் 7, அடுத்த கட்டம் 8. அதனால்தான் விடை, 65ஆவது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் வருவதில் ஒன்று குறைவு. 2-இன் 64ஆம் அடுக்கு கழித்தல் ஒன்று. கூட்டவே வேண்டாம்.

கேள்வி: நீங்கள் போட்ட விடை தப்பு சார். நான் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், 18446744073709600000 என்று வருகிறது. கடைசியில் வரவேண்டிய 5 எங்கே?
– பி.காம். மாணவர், காரைக்குடி

தம்பி, எக்செல் முதல் 15 இலக்கத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும், பதினைந்தாவதைத் தோராயமாக முழுதாக்கிவிட்டு மிச்சத்துக்குச் சுழி போட்டு மூடிவிடும். கணினி பொய் சொல்லவில்லை, ஆனால் 'எனக்கு இவ்வளவுதான் தெரியும்' என்றும் சொல்லவில்லை, அதுதான் வம்பு. ஜாவாஸ்கிரிப்டில் கேட்டால் 18446744073709552000 என்று வேறொரு ரகமாக முடிக்கும். பைத்தானில் கேளுங்கள், முழுசாகச் சொல்லும்.

அல்லது ஒரு காகிதம் எடுங்கள். 64 முறை இரட்டிக்க வேண்டாம், ஆறு முறை வர்க்கம் எடுத்தால் போதும். 2, 4, 16, 256, 65536, 4294967296. ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கம். ஐந்து ஆகிவிட்டதா, ஆறாவதுதான் நம் ஆள். அல்பிரூனியும் இந்தக் குறுக்கு வழியைத்தான் பிடித்தார்.

4294967296-ஐ 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த (அ+ஆ) வர்க்கம் ஞாபகம் இருக்கும். 42949-இன் வர்க்கம் 1844616601, அதற்குப் பின்னால் பத்து சுழி. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808, அதற்குப் பின்னால் ஐந்து சுழி. 67296-இன் வர்க்கம் 4528751616, சுழி எதுவும் இல்லை. மூன்றையும் இடம் பார்த்து ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நான் போட்ட விடை. எனக்குப் பதினெட்டு நிமிஷம் ஆனது, ஒரு தடவை தப்பும் செய்தேன். ஆறு வரியில் எட்டிவிடுகிற ஒரு எண்ணை அரிசியாகக் கொடுக்க முடியாமல் ஒரு ராஜ்யமே திவாலாகிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

கேள்வி: இந்த எண் பகா எண்ணா? கடைசியில் 5 இருப்பதால் இல்லை என்று தெரிகிறது. மற்ற காரணிகள் என்ன, அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ப்ளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

நல்ல கேள்வி, இதற்குத்தான் காத்திருந்தேன். இருபது இலக்க எண்ணைக் காரணிப்படுத்து என்றால் யாருக்கும் கை நடுங்கும், ஆனால் இது தானாகவே தோலுரிந்து கொடுக்கும். காரணம், இது ஒரு வர்க்கத்தில் ஒன்று குறைவு. வர்க்கத்தில் ஒன்று குறைந்தால், ஒன்று கூட்டியது பெருக்கல் ஒன்று கழித்தது என்று இரண்டாகப் பிரியும். ஆகவே நம் எண் = 4294967297 × 4294967295. இதில் இரண்டாவதும் 65536-இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு, ஆகவே அது 65537 × 65535. மறுபடி 65535 = 257 × 255. மறுபடி 255 = 17 × 15. மறுபடி 15 = 5 × 3. முடிந்தது. 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஆறு துண்டு.

இந்த ஆறு பேரும் கணிதத்தில் பிரபலமானவர்கள், ஃபெர்மா எண்கள் என்று பேர். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூலூஸ் நகரத்தில் நீதிமன்றப் பதவியில் இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் கணிதம் செய்த பியர் தெ ஃபெர்மா, இந்த மாதிரி வருகிற எண்கள் எல்லாமே பகா எண்கள்தான் என்று நம்பினார். முதல் ஐந்தும் நிஜமாகவே பகா எண்கள். ஆறாவதைச் சோதிக்க அவர் காலத்தில் யாரும் முன்வரவில்லை. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, கோல்ட்பாக் என்ற நண்பர் கடிதத்தில் கிளறிவிட, 1732இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த 25 வயது ஆய்லர் போட்டு உடைத்தார்: 4294967297 = 641 × 6700417.

அவர் ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கவில்லை. இந்த எண்ணுக்குக் காரணி என்று ஏதாவது பகா எண் இருந்தால் அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று பிற்பாடு ஆய்லரே நிரூபித்தார் (பார்த்தீர்களா, இங்கேயும் 64!). அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது அடியிலேயே தேங்காய் உடைந்துவிட்டது. ஃபெர்மா ஏன் இதைச் செய்து பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான், ஒரு மாலை நேர வேலை.

வகுத்துப் பார்க்காமலே 641 போகும் என்று காட்டவும் ஒரு வழி இருக்கிறது, உங்கள் வகுப்புக் கணக்குக்குள்ளேயே அடங்கும். 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள். ஒன்று, 640 + 1. அந்த 640 என்பது 5 × 128. இன்னொன்று, 625 + 16. இப்போது 641-ஆல் வகுக்கும்போது 640-ஐ மைனஸ் ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். மைனஸ் ஒன்றை நாலு தடவை பெருக்கினால் ஒன்று, ஆகவே 640-இன் நாலாம் அடுக்குக்கு மீதி 1. ஆனால் 640-இன் நாலாம் அடுக்கு என்பது 5-இன் நாலாம் அடுக்கு பெருக்கல் 128-இன் நாலாம் அடுக்கு, அதாவது 625 × (2-இன் 28ஆம் அடுக்கு). 625 என்பது 641-க்கு 16 குறைவு, ஆகவே அதன் இடத்தில் மைனஸ் 16 போடுங்கள். 16 என்பது 2-இன் நாலாம் அடுக்கு. 28உம் 4உம் 32. கடைசியில் கையில் நிற்பது: மைனஸ் (2-இன் 32ஆம் அடுக்கு)-க்கு மீதி 1. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் கொண்டுபோனால், 2-இன் 32ஆம் அடுக்கு கூட்டல் ஒன்று 641-ஆல் மீதியின்றி வகுபடும். அந்த எண்தான் 4294967297. இதை முதன்முதலில் படித்த நாள் நான் காபியை ஆறவிட்டேன்.

ஆக நம் ராட்சச எண்ணின் முழுக் காரணிகள்: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே தடவை. அதனால் இதை மீதியில்லாமல் வகுக்கிற எண்கள் மொத்தம் 128 (ஏழு தடவை இரட்டித்தால் 128, இரட்டிப்பு நம்மை விடுவதாக இல்லை).

அக்கம்பக்கத்து வீட்டையும் எட்டிப் பாருங்கள், அங்கேதான் சுவாரஸ்யம். 615இல் முடிகிற நம் எண் இப்படிப் பொடிப்பொடியாக உதிர்கிறது. அடுத்த வீடு, 616இல் முடிவது, வெறும் 2-ஐத் தவிர உள்ளே வேறு எதுவுமே கிடையாது. அதற்கடுத்த வீடு, 617இல் முடிவது, ஏழாவது ஃபெர்மா எண். அது வாயே திறக்கவில்லை. ஆய்லருக்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1880இல் லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர், அப்போது அவருக்கு 82 வயது, 274177 × 67280421310721 என்று உடைத்து வெளியிட்டார். பாவம், கிளௌசன் என்பவர் 1855இலேயே ஜெர்மன் கணித மேதை காஸுக்கு எழுதிய கடிதத்தில் இதே விடையைச் சொல்லியிருந்தது பிற்பாடு தெரியவந்தது. என்னைக் கேட்டால் 82 வயதில் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்தவருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஒன்று கூட்டினால் எளிதில் அவிழ்வது இறுகிவிடும், ஒன்று கழித்தால் இறுகியது அவிழ்ந்துவிடும், பெரிய எண்களிடம் இந்தக் குணம் உண்டு.

கேள்வி: இதன் கூட்டு எண் என்ன? யாருக்கு ராசி?
– பெயர் வேண்டாம், சேலம்

இலக்கங்களைக் கூட்டினால் 87, அதைக் கூட்டினால் 15, அதையும் கூட்டினால் 6. சுக்கிரன். கதையில் ராஜாவுக்கு ராசியாக இல்லை என்பது மட்டும் தெரியும். (87 என்பது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது, ஆகவே நம் எண்ணும் அப்படித்தான். கூட்டு எண்ணால் நிஜமாக ஒரு உபயோகம் என்றால் இதுதான்.)

கேள்வி: நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஒரு நாள் எங்கள் திரையில் 'பாக்கி இருக்கும் கோப்புகள்: 18446744073709551615' என்று வந்தது. மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. அது சதுரங்க எண் என்று உங்கள் பதிலைப் பார்த்துத்தான் தெரிந்தது. அரிசிக்கும் எங்கள் கோப்புக்கும் என்ன சம்பந்தம்?
– பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து ஒருவர்

சம்பந்தம் இருக்கிறது. உங்கள் கணினியில் ஒரு எண்ணுக்கு 64 சிறு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. சதுரங்கப் பலகையேதான். எல்லாப் பெட்டியிலும் 1 போட்டால், எல்லாக் கட்டத்து அரிசியும் கூட்டிய மாதிரி, இந்த எண் வரும். இதற்கு மேல் அந்தப் பெட்டிகளில் எழுத இடம் கிடையாது.

சரி, பாக்கிக் கோப்பு எப்படி இவ்வளவு ஆனது? ஆகவில்லை. பாக்கி பூஜ்யம் இருந்திருக்கும், யாரோ எழுதின நிரல் அதிலிருந்தும் ஒன்றைக் கழித்திருக்கும். பழைய ஸ்கூட்டர் மீட்டரை நினைத்துப் பாருங்கள்: 00000 காட்டும்போது சக்கரத்தைப் பின்னால் ஒரு சுற்று சுற்றினால் 99999 வரும். அதே கதைதான். மைனஸ் எழுதத் தெரியாத பெட்டிகளில் மைனஸ் ஒன்றுக்கு இதுதான் முகம். இனி எங்கே இந்த எண்ணைப் பார்த்தாலும் 'யாரோ பூஜ்யத்துக்குக் கீழே கால் வைத்துவிட்டார்கள்' என்று மேனேஜரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

பெட்டி 32 மட்டும் இருந்த காலத்தில் வந்த தொல்லைகள் தனி. 2014இல் ஒரு கொரியப் பாடலை யூடியூப்பில் 2147483647 தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள், மைனஸுக்கு ஒரு பெட்டி ஒதுக்கியது போக 32 பெட்டியில் எழுத முடிகிற உச்சம் அது. எண்ணிக்கைக் கணக்கை 64 பெட்டிக்கு மாற்றியதாக அவர்களே அறிவித்தார்கள். அதே உச்சத்தைக் கடிகாரக் கணக்கில் பழைய கணினிகள் தொடப்போவது 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. 1970 தொடக்கத்திலிருந்து விநாடி எண்ணிக்கொண்டு வருகிற எண்ணி அது. 64 பெட்டிக்கு மாறிவிட்டவர்களுக்கு அடுத்த 29,000 கோடி வருஷத்துக்குக் கவலை இல்லை.

கேள்வி: காசியில் ஒரு கோயிலில் 64 தங்கத் தட்டுகளை அர்ச்சகர்கள் ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்களாம், முடிந்தால் உலகம் அழியுமாம். அதற்கும் இதே எண்தான் என்று படித்தேன். காசிக்குப் போகும்போது பார்க்க முடியுமா?
– இல்லத்தரசி, மதுரை

கங்கையில் குளித்துவிட்டு விஸ்வநாதரைப் பாருங்கள், அந்தக் கோயிலைத் தேட வேண்டாம், அது இல்லை. 1883இல் பிரான்சில் ஒரு விளையாட்டுச் சாமான் விற்பனைக்கு வந்தது: மூன்று குச்சி, அளவு குறைந்துகொண்டே போகும் எட்டு வட்டத் தட்டு, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம், சின்னதன் மேல் பெரிசை வைக்கக் கூடாது. ஹனோய் கோபுரம் என்று பேர். அந்தச் சாமானை விற்க ஒட்டிய கதைதான் காசிக் கோயிலும் 64 தங்கத் தட்டும். செய்தவர் பேர் 'சியாம் நாட்டு பேராசிரியர் கிளாஸ்' என்று போட்டிருந்தது. அது எத்வார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் தன் பேரின் எழுத்துகளை இடம் மாற்றிப்போட்டு வைத்துக்கொண்ட புனைபெயர்.

கணக்கு மட்டும் நிஜம். வீட்டில் மூன்று டப்பா மூடியை வைத்துச் செய்து பாருங்கள், ஏழு நகர்த்தல். நாலு மூடி என்றால் பதினைந்து. ஒவ்வொரு மூடி கூடும்போதும் 'மேலே இருக்கும் எல்லாவற்றையும் ஒரு தடவை இந்தப் பக்கம், அடி மூடி ஒரு தடவை, மறுபடி எல்லாம் ஒரு தடவை' என்று இரண்டு மடங்கும் ஒன்றும் ஆகிறது. 64 தட்டுக்கு நம் எண். விநாடிக்கு ஒன்று என்று தூங்காமல் நகர்த்தினாலும் 58,400 கோடி வருஷத்துக்கு மேல். இந்தப் பிரபஞ்சத்துக்கு இதுவரை ஆனதே சுமார் 1,380 கோடிதான்.

லூக்கா இதைவிடப் பெரிய காரியங்கள் செய்தவர். 2-இன் 127ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண், 39 இலக்கம், பகா எண்தான் என்று 1876இல் எந்த இயந்திரமும் இல்லாமல் நிரூபித்தார். தெரிந்த பகா எண்களில் பெரியது என்ற பட்டத்தை அது 1951 வரை வைத்திருந்தது. ஒரு விருந்தில் யாரோ கீழே போட்ட பீங்கான் தட்டின் சில்லு கன்னத்தைக் கிழித்து, அது புரையோடி, 1891இல் இறந்துபோனார். தட்டு விளையாட்டு செய்தவருக்குத் தட்டாலேயே.

கேள்வி: இதன் காரணிகளை வைத்துக் கவராயத்தால் படம் வரையலாம் என்று ஒரு கணக்கு வாத்தியார் சொன்னார். கிண்டலா?
– கோவை

கிண்டல் இல்லை. கவராயமும் கோடு போடாத அளவுகோலும் மட்டும் வைத்து 17 சம பக்கமுள்ள பலகோணம் வரைய முடியும் என்று 1796இல் 18 வயதுக் காஸ் கண்டுபிடித்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், இதுவரை தெரிந்த வகையில், 3, 5, 17, 257, 65537 இவற்றை ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு மேல் வராமல் பெருக்கிக் கிடைப்பவற்றுக்கு மட்டும்தான் இது நடக்கும். அப்படி மொத்தம் 31. பெரியது 4294967295 பக்கம், நம் எண்ணின் பாதிப் பலகை. 65537 பக்கத்துக்குச் செய்முறை எழுத ஹெர்மஸ் என்ற ஜெர்மன்காரர் பத்து வருஷம் உட்கார்ந்தார், அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. வரைந்து முடித்தாலும் வட்டம் மாதிரிதான் தெரியும்.

கேள்வி: எனக்கு அப்பா அம்மா இரண்டு, தாத்தா பாட்டி நாலு, கொள்ளுத் தாத்தா பாட்டி எட்டு. இப்படியே 64 தலைமுறை பின்னால் போனால் எனக்கு இத்தனை கோடி கோடி முன்னோர்களா? அவ்வளவு பேர் எங்கே இருந்தார்கள்?
– அஞ்சல் துறை ஊழியர், திருநெல்வேலி

கணக்கு சரி, முடிவுதான் இடிக்கிறது. தலைமுறைக்கு 25 வருஷம் என்றால் 64 தலைமுறை 1,600 வருஷம். ஆதியிலிருந்து இன்றுவரை பூமியில் பிறந்த மனிதர்கள் மொத்தமே 11,000 கோடியைச் சற்றுத் தாண்டும் என்பது மக்கள்தொகைக்காரர்களின் மதிப்பீடு. உங்களுக்கு வேண்டியதோ அதைப்போல் பதினைந்து கோடி மடங்குக்கு மேல். அவ்வளவு தூரம்கூட வேண்டாம், 30 தலைமுறையிலேயே 107 கோடி பேர் தேவை, அந்த 750 வருஷத்துக்கு முன் உலக ஜனத்தொகையே 50 கோடிக்குள்தான்.

விடை நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. உங்கள் அப்பா தன் மாமன் மகளைக் கட்டியிருந்தால், அவருடைய அம்மாவும் உங்கள் அம்மாவின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். அந்த இருவரின் பெற்றோரும் ஒரே ஜோடி. எட்டு இடம் இருக்கும், ஆள் ஆறு பேர்தான். தாய்மாமனையே கட்டிக்கொண்ட வீடுகளில் இன்னும் வேடிக்கை, அப்பா வழியில் பாட்டியாக இருக்கிறவரே அம்மா வழியில் கொள்ளுப்பாட்டியாகவும் நிற்பார். சொந்தத்துக்குள் கட்டாதவர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் இதேதான், கொஞ்சம் மேலே போனால் தெரியும், அவ்வளவே வித்தியாசம். இடங்கள் இரட்டித்துக்கொண்டே போகின்றன, ஆட்கள் திரும்பத் திரும்ப அதே ஆட்கள்.

ஊருக்குப் போகும்போது வீட்டில் பெரியவர்களை உட்காரவைத்து ஒரு தாளில் எட்டுக் கட்டம் போட்டுப் பேர் எழுதச் சொல்லிப் பாருங்கள். என் அத்தையிடம் நான் கேட்டபோது ஆறாவது பேரில் நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல ஆள் இல்லடா" என்றார்.